ஒரு கடதாசியில் இரண்டு பிள்ளைகள்

எமிலி பெற்றது இரண்டு பெண்பிள்ளைகள். நாரந்தனையில் யாரைக் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்வார்கள். அதுவும் சும்மா பிள்ளையா, றிபனையும் வளையத்தையும் சுழற்றி ஆடி இலங்கைக்கே முதலாவதாக வந்த பிள்ளை என்று வாய் நிறையச் சொல்வார்கள். எமிலி யாரையும் திருத்தப் போனதில்லை. திருத்தினால் என்னென்ன கேள்வி வரும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மூத்தவள் அஞ்சலா. 2008 கார்த்திகையில் வன்னியில் பிறந்தாள், அடுத்த சித்திரையில் போய்விட்டாள். ஐந்தே மாதம். அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றி எமிலி தன் சட்டைக்குள் வைத்திருந்தாள். கடதாசி தப்பியது. பிள்ளை தப்பவில்லை.

இளையவள் அனோஜினி. சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு, 2010 பங்குனியில், மன்னாரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வருமுன்னமே பிறந்தாள். பதியப் போன தகப்பன் சில்வெஸ்ரரை அந்தக் கடிதம் கொண்டுவா, இந்தக் கடிதம் கொண்டுவா என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தரம் அவர் போகவில்லை. கடலுக்குப் போகிற மனுஷன் பதிவுக் கந்தோர் வாசலில் நாள் முழுக்க நின்றால் வீட்டில் அடுப்பு எரியுமா?

அந்த வருஷக் கடைசியில் தீவுக்கு, நாரந்தனைக்குத் திரும்பியபோது, மீள்குடியேற்றப் பதிவுக்கு வந்த உத்தியோகத்தர் பிள்ளையின் சான்றிதழைக் கேட்டார். எமிலியிடம் இருந்தது ஒன்றுதான். எடுத்து நீட்டினாள். மடியில் கிடந்த பிள்ளைக்கு என்ன வயதிருக்கும் என்று அந்த மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அஞ்சலா என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்படித்தான் தொடங்கியது. பிறகு கிளினிக்கில் அஞ்சலா, பள்ளிக்கூடத்தில் அஞ்சலா, வீட்டில் மட்டும் அனோ. வீட்டுப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று என்பது தீவில் இல்லாத வழக்கமா? யாரும் ஏனென்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கடதாசிக்கு ஐந்து வயது, பிள்ளைக்கு நாலுகூட ஆகவில்லை. "ஆள் சின்னன், ஆனால் கெட்டிக்காரி" என்றார் ரீச்சர்.

பிறகாவது திருத்தியிருக்கலாம்தானே என்று யாரும் கேட்கலாம். திருத்துவதென்றால் முதலில் அஞ்சலா செத்துப்போனாள் என்று ஒரு கந்தோரில் நின்று சொல்லவேண்டும். எமிலிக்கு அது ஏலவில்லை. அவ்வளவுதான். அந்தக் கடதாசியில் மூத்தவள் இன்னும் இருந்தாள், ஒவ்வொரு வருஷமும் வகுப்பேறினாள், அம்மை ஊசி போட்டுக்கொண்டாள். அது எமிலிக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் கோயில் புத்தகம் வேறு. இளையவளுக்கு நாரந்தனைக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பாதர் பெயரும் பிறந்த திகதியும் கேட்டார். எமிலி ஒரு கணமும் யோசிக்காமல் உண்மையைச் சொன்னாள். அனோஜினி, 2010, பங்குனி பதினாலு. அரசாங்கத்துக்கு எதையும் சொல்லலாம், அது யாரோ எவரோ. கோயில் புத்தகத்தில் பொய் எழுதினால் ஆண்டவருக்கு முகம் கொடுப்பது எப்படி?

இரண்டு புத்தகமும் பதின்மூன்று வருஷம் ஒன்றையொன்று காணாமல் இருந்தன.

கடதாசிக்குப் பத்து வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு விளையாட்டுப் போட்டி. கொழும்பிலிருந்து வந்திருந்த நிரோஷா மிஸ் என்ற ஜிம்னாஸ்ரிக் பயிற்சியாளர், சந்தையில் மீன் பார்ப்பதுபோலப் பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைப் பின்னால் வளைத்துப் பார்த்தார். தலை வந்து குதிக்காலில் தொட்டது. "இந்தப் பிள்ளைய எனக்குத் தாங்க" என்றார், தன் அரைகுறைத் தமிழில். ஹொஸ்ரல், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சில்வெஸ்ரர் மாட்டேன் என்றார். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். போனாள்.

போனவள் திரும்பி வந்தது வருஷத்துக்கு ஒரு தரம், மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு. ஒவ்வொரு தரமும் பதக்கம் கூடும், பிள்ளை குறைவாள். ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலப் பயிற்சி. காலையும் மாலையும் தராசில் ஏற்றி, எல்லோர் முன்னாலும் நிறையைச் சத்தமாக வாசிப்பார்களாம். முந்நூறு கிராம் கூடினால் அன்றைக்கு இராச்சாப்பாடு இல்லை. எமிலி நண்டுக் குழம்பு வைத்து, பால் அப்பம் சுட்டு, முன்னால் கொண்டுபோய் வைப்பாள். பிள்ளை முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு, குசினி நிலத்தில் படுத்து இரண்டு காலையும் தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக அப்படியே கிடப்பாள். விரலெல்லாம் பிளாஸ்ரர். நகம் இரண்டு இல்லை.

"மிஸ் என்ன சொன்னவா தெரியுமே அம்மா? பதினஞ்சு வயசிலை இப்பிடிச் சின்ன உடம்பு ஆயிரத்திலை ஒண்டுக்குத்தானாம். எல்லாரும் இந்த வயசிலை தடிச்சுப் போவினமாம். நான் கடவுள் தந்த உடம்பாம்."

பதின்மூன்று வயது உடம்பு பின்னே எப்படி இருக்கும்?  அயலில் றஞ்சனி அக்கா, "பிள்ளை இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லையே, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுமன்" என்று சொல்லும்போதெல்லாம் எமிலி தலையைக் குனிந்துகொண்டு மீன் வெட்டுவாள். பதினைந்து வயதுக்காரிக்கு என்று கொடுத்த பயிற்சியைத் தன் பதின்மூன்று வயதுக்காரி செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவளைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். திட்டத்தான் வேண்டும்.

2024 கடதாசிக்குப் பதினாறு நிறைகிற வருஷம். அந்த விளையாட்டில் அந்த வருஷத்திலிருந்துதான் பெரியவர் பிரிவு. பாங்கொக்கில் ஒரு பெரிய போட்டிக்கு அஞ்சலாவின் பெயர் வந்தது. வந்ததும் வராததுமாக, இடம் கிடைக்காத இன்னொரு பிள்ளையின் தகப்பன் விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினார்: இந்தப் பிள்ளையைப் பார்த்தால் பதினாறு மாதிரியா இருக்கிறது? சங்கம் வயதுக்கு இன்னொரு அத்தாட்சி கேட்டது. பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ ஒரு கடிதம் வாங்கினால் போதும்.

பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் அஞ்சலா என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை கோயிலில் கேட்டாள். "கோயில் புத்தகம்தான் நிசம்" என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வளர்த்தது யார்? எமிலிதான். தாயைக் கேட்காமல் நேரே பங்குக்குப் போன் பண்ணினாள். புதிதாக வந்த இளம் பாதர், நல்ல மனுஷன், தாய் தகப்பன் பெயரை வைத்துத் தேடி, கண்டுபிடித்து, படம் எடுத்து, சங்கத்துக்கே நேராக அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டுத்தான் எமிலிக்குச் சொன்னார், "அம்மா, உங்கடை மகளின்ரை அலுவல் முடிஞ்சுது" என்று.

மூன்றாம் நாள் விடியப் பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மண்டைதீவுப் பாலம் தாண்டும்போதே போன் எடுத்து, அப்பாவைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அம்மா, அஞ்சலா ஆர்?"

"என்ன கேள்வி இது? நீதான்."

"அப்ப அனோஜினி?"

"அதுவும் நீதானே பிள்ளை."

"ரெண்டு பேருக்கும் ரெண்டு பிறந்தநாள் இருக்கு அம்மா. ரெண்டு பேரும் நானாய் இருக்க ஏலாது."

சில்வெஸ்ரர் கதிரையில் இருந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். எமிலி சொன்னாள். சுருக்கமாக, நாலே வசனத்தில்: உனக்கொரு அக்கா இருந்தவள், வன்னியிலை செத்துப்போனாள், உன்னைப் பதிய ஏலாமல் போச்சு, அவளின்ரை கடதாசியை உனக்கு வைச்சம். பிள்ளை அழுவாள், கத்துவாள், அக்காவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தாள். பிள்ளை விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப எனக்குப் பதினாலு."

"ஓம்."

"பெரியாக்களின்ரை பிரிவுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

"ஓம் பிள்ளை. ரெண்டு வருசம்தானே. கண்ணை மூடித் திறக்கப் போயிடும். பிறகு உன்ரை சொந்தப் பேரிலையே..."

"ரெண்டு வருசத்திலை என்ரை முதுகு இராது அம்மா."

சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்புக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுப் பட்டி. முள்ளந்தண்டில் இரண்டு இடத்தில் வெடிப்பு என்று கொழும்பு டொக்டர் மாசி மாதமே சொல்லிவிட்டாராம். மிஸ்ஸுக்கும் தெரியுமாம். ஊசி போட்டுக்கொண்டு இந்த ஒரு போட்டி ஆடலாம். அதற்குப் பிறகு ஏலாது. அதை அவள் அழாமல், நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். 

"போதும்," என்றார் சில்வெஸ்ரர். "ஒரு போட்டியும் வேண்டாம். ஒரு பதக்கமும் வேண்டாம். வீட்டிலை நில்."

"நிண்டு என்ன செய்யிறது? றால் உரிக்கிறதோ?" பிள்ளை தாய் பக்கம் திரும்பினாள். "மிஸ் கேட்டவா, கோயில் கடிதத்திலை இருக்கிறது தங்கச்சியோ எண்டு. தங்கச்சிதான், சின்னனிலை செத்துப்போச்சு எண்டு சொல்லிப்போட்டன். அப்ப அதுக்கொரு சத்தியக் கடதாசி அனுப்பச் சொன்னவா. வெள்ளிக்கிழமைக்குள்ளை. அவ்வளவுதான் அம்மா. அனோஜினி செத்துப்போனாள் எண்டு ஒரு கையெழுத்து. நான் அஞ்சலாவாய்ப் போவன்."

"அனோ, அது நீ..."

"அஞ்சு வருசம் பட்டினி கிடந்தனான் அம்மா! உங்கடை கடதாசியாலை வந்த வினைக்கு நானோ நிக்கிறது?"

அந்த இடத்தில்தான் எமிலி தோற்றாள். சில்வெஸ்ரர், "நீர் சொல்லும் எமிலி, நீர்தானே தாய்" என்று பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். போகவிட்டால் முதுகு போகும். மறித்தால் பிள்ளை உயிரோடு இருந்தும் இல்லாமல் போவாள். இரண்டையும் எடைபோட எமிலிக்கு எங்கே நிதானம்? அவளுக்குக் கேட்டதெல்லாம் "உங்கடை கடதாசியாலை" என்ற அந்தச் சொல்தான். மூத்தவளை வைத்திருக்கவென்று இளையவளை விற்றவள் தான் என்று நினைத்தாள். கடனைக் கட்டுகிறமாதிரி, "சரி" என்றாள்.

சமாதான நீதவான் பரமலிங்கம் ஊர்காவற்றுறையில், தபாற்கந்தோரில் இருந்து இளைப்பாறிய மனுஷன். சைவக்காரர். ஆனால் வேதக்காரர் சத்தியம் செய்ய வந்தால் வேண்டுமே என்று அலுமாரியில் ஒரு பைபிளைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். சைவக்காரர் வாயால் உறுதி சொன்னால் போதும். வேதக்காரருக்குப் பைபிளில் கை வைக்கவேண்டும். எமிலிக்கு அது புருஷனோடும் பிள்ளையோடும் அந்த மேசையின் முன்னால் இருந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு காலம் கோயில் புத்தகத்தில் பொய் எழுதப் பயந்தவள்.

பரமலிங்கம் பேனையைத் திறந்தார். "பிள்ளை எப்பிடி இறந்தது, எங்கை, எப்ப? வடிவாய்ச் சொல்லுங்கோ."

வீட்டிலேயே பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்தாள்: 2011, மன்னார், காய்ச்சல். மூன்றே சொல். எமிலி வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வயித்தோட்டம் ஐயா. ரெண்டு நாள். சேலைன் இல்லை எண்டிட்டினம். பங்கருக்குள்ளை என்ரை மடியிலைதான் கிடந்தவள். பால் குடிச்சுக்கொண்டே கிடந்தவள், குடிக்கிறாள் எண்டுதான் நான் நினைச்சனான். இவர்தான் தொட்டுப் பாத்துப்போட்டு, எமிலி, பிள்ளையைத் தாரும் எண்டவர். கடற்கரையிலை சாப்பாட்டுக் கோப்பையாலை கிண்டினவர். ஒரு முழம் கிண்டத் தண்ணி ஊறியிட்டுது. தண்ணிக்குள்ளை எப்பிடி ஐயா பிள்ளையை வைக்கிறது? மூடிப்போட்டு, கொஞ்சம் மேலை போய்த் திரும்பக் கிண்டினவர். அங்கையும் ஊறிச்சுது. மூண்டாம் இடத்திலைதான்... அதுக்குள்ளை செல் அடிக்கத் தொடங்கியிட்டுது. நான் சிலுவைகூட வைக்கேல்லை ஐயா. அடையாளம்கூட வைக்கேல்லை."

பதினைந்து வருஷம் பூட்டி வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. சில்வெஸ்ரர் சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கினார். பரமலிங்கம் பேனையைக் கீழே வைத்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மேசையில் கிடந்த கோயில் கடிதத்தில் அனோஜினி பிறந்தது 2010. சண்டையும் செல்லடியும் 2009இலேயே முடிந்துவிட்டன என்று தெரியாத மனுஷனா அவர்?

"தங்கச்சி," என்றார் மெதுவாக, "அது எந்தப் பிள்ளை?"

எமிலி அஞ்சலா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தரமாவது அழவேண்டும் என்று அவளுக்கு உயிர் துடித்தது.

"அனோஜினி," என்றாள் பக்கத்திலிருந்த பிள்ளை. குரல் பிசகவே இல்லை. "என்ரை தங்கச்சி. அம்மாக்கு அந்த நாளுகள் எல்லாம் ஒண்டாய்க் குழம்பியிட்டுது ஐயா. 2011, மன்னார், காய்ச்சல். அதை எழுதுங்கோ."

பரமலிங்கம் எமிலியைப் பார்த்தபடி இருந்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினால் கடதாசியைக் கிழித்துப் போடத் தயாராக இருந்தார். எமிலி பிள்ளையைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் தாய்க்கு ஒரு இடமும் இருக்கவில்லை, போட்டி மட்டும்தான் இருந்தது. எமிலி பைபிளில் கையை வைத்தாள். வைத்து, தன் மகள் அனோஜினி இறந்துவிட்டாள் என்று சொல்லி, கையெழுத்தும் போட்டாள்.

போட்டியை றஞ்சனி அக்காவின் மகன் றொமேஷின் போனில் பார்த்தார்கள். அடுத்த ஊர் சுருவிலில் இருந்தும் சனம் வந்திருந்தது. ஒன்றரை நிமிஷம். பிள்ளை றிபனை மேலே எறிந்து, தரையில் உருண்டு, காலால் பிடித்தாள். முற்றம் முழுக்கக் கைதட்டல். எமிலிக்கும் அந்த ஒன்றரை நிமிஷம் எல்லாம் மறந்துபோனது, பொய் சொல்லக்கூடாது. இவ்வளவு வடிவான ஒன்றைத் தான் பெற்றாளா என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கடைசியில் பின்னால் வளைந்து, தலை குதிக்காலில் தொட, அப்படியே நின்றாள். பாட்டு முடிந்தது. பிள்ளை நிமிரவில்லை. சனம் அதுவும் ஆட்டம்தான் என்று தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கவாட்டாக விழுந்தாள்.

பின்னேரம் மிஸ் போன் எடுத்தார். அழுதுகொண்டிருந்தார். "அம்மா, இங்க டொக்டர் சொல்றாங்க, எலும்பு இன்னும் வளர்ற எலும்பாம். சின்னப் பிள்ளை எலும்பாம். முதுகுக்கு ஆணி வைக்கணும். பதினாறுன்னா ஒரு மாதிரி, சின்னப் பிள்ளைன்னா வேற மாதிரி. தப்பா வைச்சா நடக்கமாட்டா. அம்மா, உண்மை சொல்லுங்க."

பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, சொல்லாதேங்கோ! அம்மா, பதினாறு எண்டு சொல்லுங்கோ!"

"பதினாலு," என்றாள் எமிலி. "2010, பங்குனி பதினாலு."

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் போனது. பாங்கொக்கில் எடுத்த புள்ளி, அதற்கு முதல் எடுத்த பதக்கங்கள், மிஸ்ஸின் வேலை. சங்கம் விசாரணை வைத்தது. சில்வெஸ்ரர் போய், அஞ்சலா 2009இலேயே இறந்துவிட்டாள் என்று வாக்குமூலம் கொடுத்தார். அந்தப் பெயருக்கு முதல் முறையாக மரணப் பதிவு விழுந்தது. கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிள்ளை இடுப்புப் பட்டியோடு வீட்டுக்கு வந்தாள். தடி பிடித்தால் நடப்பாள். நடக்க அவளுக்கு விருப்பமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அஞ்சலா என்றாலும் திரும்பமாட்டாள், அனோ என்றாலும் திரும்பமாட்டாள். சாப்பாடு வைத்தால் தின்பாள். இப்போது எல்லாம் தின்பாள். அதைப் பார்க்கத்தான் எமிலிக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த தையில் கிராம அலுவலராகப் புது விதானை வந்தார். சிவதர்சினி என்று ஒரு பொம்பிளைப் பிள்ளை, நயினாதீவுக்காரி. குடும்பப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டுமாம். கதிரையில் இருந்து, கோவையை விரித்து, கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் புரட்டினார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு இது விளங்கேல்லை. உங்களுக்கு ரெண்டு பிள்ளையள். அஞ்சலா, 2009இலை மரணம் எண்டு பதிவு கிடக்கு. அனோஜினி, 2011இலை மரணம் எண்டு நீங்களே சத்தியக் கடதாசி குடுத்திருக்கிறியள். அதின்ரை கொப்பியும் கோவையிலை கிடக்கு." அறைக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப உள்ளை படுத்திருக்கிறது ஆர்?"

"அனோஜினி," என்றாள் எமிலி அவசரமாக. "அதுதான் அனோஜினி, பிள்ளை. பதிய வேணும். என்ன கடிதம் வேணுமெண்டாலும் கொண்டுவாறன். எத்தினை தரமெண்டாலும் வாறன். என்ரை மகள் அனோஜினி எண்டு எழுதுங்கோ."

சிவதர்சினி பேனையை எடுத்தார்.

மூன்று மாதமாக வாய் திறக்காத பிள்ளை அறைக்குள்ளிருந்து பேசினாள். சுவரைப் பார்த்தபடியேதான் பேசினாள்.

"அவள் செத்துப்போனாள் மிஸ். அம்மா பைபிளிலை கை வைச்சுச் சொன்னவா."